திறந்த கோப்பு

கம்பாலா அலுவலகத்து சர்வர் ஒரே வாரத்தில் மூன்று முறை செத்து விழுந்தது. சாகும் நொடியில் நினைவகத்தில் இருந்ததையெல்லாம் அது ஒரு கோப்பில் கொட்டிவைக்கும். அதைப் படிக்கும் கருவியோ திறக்கவே மறுத்தது.

“அந்தக் குப்பைய அழிச்சுத் தொலையேன் நம்பூசி,” என்று தினமும் நச்சரித்தான் கூட வேலை பார்க்கும் செகிட்டோ. அந்த அவசரம்தான் அவளை உறுத்தியது.

தோண்டிப் பார்த்தாள். சர்வர் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒரு பதிப்பு. கொட்டியதைப் புரிந்துகொள்ளக் கருவிக்கு யாரோ கொடுத்திருந்த குறியீட்டுக் கோப்பு வேறு பதிப்பு. சரியானதை வைத்ததும் நினைவகக் கோப்பு திறந்துகொண்டது. சர்வர் தானாகச் சாகவில்லை. கட்டளை கொடுத்துக் கொன்றிருந்தார்கள்.

செகிட்டோ மட்டோக்கே வாழைக்காய் மசியல் தட்டோடு வந்து உட்கார்ந்தான்.

“திறந்துடுச்சு,” என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அவன் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான்: “யார் செஞ்சதுன்னெல்லாம் அதுல வராதுல்ல?”