புதன்கிழமைக் கட்டம்

சபைச் சுவரில் அந்த அட்டவணை ஏறிய நாளிலிருந்து பக்தி கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாகிவிட்டது. நூறு நாளில் முழு வேதாகமம். நாளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு பச்சை டிக். அதை வடிவமைத்தவர் சபைச் செயலர். ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. முத்திரை விழாத எதையும் அவர் நம்புவதில்லை, பரலோகம் உட்பட.

வாரம் முழுக்க வெறிச்சோடிக் கிடக்கும் அட்டவணை, ஞாயிறு ஆராதனைக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பச்சைப் பசேலென்று செழிக்கும். ஒரே பேனா கைமாறும். ஏழு நாள் வாசிப்பு ஏழு விநாடியில் முடிந்துவிடும்.

தையல்காரியின் வரிசை மட்டும் வழுக்கையாகவே இருந்தது.

அவள் படிக்காமல் இல்லை. தினமும் கடை ஷட்டரைத் தூக்குமுன் அரை மணி நேரம், மிஷின் மேலிருக்கும் துணிகளை ஒதுக்கிவிட்டு வேதத்தை விரிப்பாள். மீன் விழுங்கித் துப்பிய தீர்க்கதரிசியின் ஆகமம், வேதத்துக்குள் ஒரு சின்னப் புத்தகம். நாலே அதிகாரம், அட்டவணை வருமுன்பே தொடங்கி நாலாவது மாதமாக அதிலேயே கிடந்தாள். அளவு நோட்டின் பின்பக்கத்தில் நாளுக்கு ஒரு கேள்வி எழுதுவாள். “மீனே மூணு நாள்ல துப்பிடுச்சு, நீ இன்னும் மெல்லுறியே” என்பார் கணவர்.

வரிசை நிரம்பாதவர்கள் இனி வேத வகுப்பு எடுக்கக் கூடாது என்று செயலர் அறிவித்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. வெள்ளிக்கிழமைப் பெண்கள் வகுப்பு ஒன்பது வருடமாக அவளுடையது. வாரம் முழுக்க அவளை எல்லோரும் இடுப்பைப் பிடிக்கச் சொல்வார்கள், நீளத்தைக் குறைக்கச் சொல்வார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்பார்கள்.

“நாலு டிக்கைப் போட்டுத் தொலையேன். கடவுள் என்ன எண்ணிக்கிட்டா இருக்காரு?” என்றார் கணவர்.

“அவரே எண்ணலைன்னா நான் யாருக்குப் போடணும்?”

ஞாயிறன்று செயலர் சபை நடுவே அவளை எழுப்பினார். சோம்பலைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, எதுவரை வந்திருக்கிறாள் என்று கேட்டார். அவள் சொன்னாள். நாலு அதிகாரத்துக்கு நாலு மாதமா என்று அவர் சிரித்ததும், கடமைக்கு இரண்டு வரிசை சிரித்தது.

“கெட்டவங்களுக்கு மன்னிப்பு கிடைச்சிருச்சேன்னு மீன் துப்பின அந்த ஆளு ஊருக்கு வெளியே கோபமா உட்கார்ந்திருக்காருங்கய்யா. எனக்கும் அதே கோபம் இருக்கு. அவரை அப்படியே விட்டுட்டு அடுத்த பக்கத்துக்கு ஓட மனசு வரல.”

சொல்லிக்கொண்டே அட்டவணையைப் பார்த்தவளின் கண் செயலரின் வரிசையில் நின்றது.

“ஐயா, வர்ற புதன்கிழமை படிச்சது எப்படி இருந்துச்சு?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் வராத புதன்வரை பச்சை. வெளியூர் போவதால் முன்கூட்டியே குறித்துவிட்டதாக அவர் விளக்கினார். பாடகர் குழுவுக்கு மொத்தமாக இருமல் வந்தது.

சங்கடப்பட்ட போதகர் பேனாவை அவளிடம் மெல்ல நீட்டினார். இப்போதே போட்டுவிட்டால் வகுப்பு அவளுக்கே என்றார். வாங்கிக்கொண்டாள். காலிக் கட்டங்களின் மேல், ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எழுதினாள்: ‘ஒரே ஆகமம். இன்னும் முடியவில்லை.’

வகுப்பு செயலரின் மனைவிக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தார்கள். வந்தாள். நோட்டோடு முன்வரிசையிலேயே உட்கார்ந்தாள். புது ஆசிரியை நாற்பது நிமிடத்தில் பன்னிரண்டு அதிகாரத்தைக் கடந்து, மூச்சு வாங்க, சந்தேகம் ஏதுமில்லையே என்று கேட்டபடியே புத்தகத்தை மூடப் போனாள்.

தையல்காரி கையைத் தூக்கினாள்.

“இருக்குக்கா. முதல் பக்கத்துக்குப் போங்க. அங்கேருந்தே இருக்கு.”