தாவொன் அறைக்கு அடர்நீலம்

மா சாங்பே புது வீட்டுக்குக் குடிவந்த முதல் சனிக்கிழமையே திரைச்சீலைக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பிவிட்டார்.

கொரியாவின் புசான் நகரத்தில், ஆறு கடலில் கலக்கிற மியோங்ஜிப் பக்கம் புதிதாக எழும்பியிருந்த அடுக்குமாடி ஒன்றில், வீட்டு ஒதுக்கீட்டுக் குலுக்கலில் கிடைத்த வீடு அது. மூன்று படுக்கையறை. குடிவந்தது அவர் ஒருவர். மனைவி சுக்யோங்கும் மகள் தாவொனும் ஆறு வருடமாக நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்தார்கள். பிள்ளையின் படிப்புக்காகக் குடும்பத்தை வெளிநாட்டில் வைத்துவிட்டு, இங்கே தனியாக உழைத்து அனுப்புகிற ஆண்களை நாங்கள் 'வாத்து அப்பா' என்போம். வலசை போகிற காட்டு வாத்து மாதிரி வருடத்துக்கு ஒருமுறை பறந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார்களே, அதனால். கப்பல் குழாய்கள் செய்கிற தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த சாங்பேவுக்குக் கடைசி இரண்டு வருடமாக அந்தப் பறத்தலும் வாய்க்கவில்லை. போகட்டும், எல்லாம் முடியப்போகிறது. டிசம்பரில் தாவொன் பள்ளிப்படிப்பை முடிக்கிறாள். ஜனவரியில் இருவரும் வந்துவிடுவார்கள். அதற்குள் வீடு வீடு மாதிரி இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம்.

புசானில் திரைச்சீலை என்றால் ஜின் சந்தைதான். மாடியேறியதும் இரண்டு பக்கமும் துணி உருளைகள் சுவர் போல நிற்கும். அந்தச் சந்துக்குள் தயங்கித் தயங்கி நடந்தவரை ஒரு குரல் பிடித்து நிறுத்தியது.

"வாங்க முதலாளி! புது வீடுதானே? மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

கடைக்காரி பியோ மால்சுன். அறுபதை நெருங்கிய வயது, கழுத்தில் மாலை மாதிரி அளவு நாடா. ஆண் என்று யார் வந்தாலும் அவளுக்கு முதலாளிதான்.

சாங்பே ஜன்னல் அளவுகளை மனப்பாடமாக ஒப்பித்தார், மில்லிமீட்டர் சுத்தமாக. மால்சுன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மில்லிமீட்டரா? ராக்கெட்டா விடப்போறோம்? துணி முதலாளி, துணி! நீங்க எடுத்த அளவு உங்க மனத்திருப்திக்கு. நானே வீட்டுக்கு வந்து எடுத்துக்கறேன். முதல்ல கலரைச் சொல்லுங்க."

நிறம் சொல்ல வேண்டியது சுக்யோங் அல்லவா? அவர் போனில் மனைவியை அழைத்தார். திரையில் அவள் முகம் வந்தது. பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், கோப்பைகள் மோதும் சத்தம்.

"வெளியில இருக்கேங்க. நீங்களே பாத்து எடுத்துடுங்களேன்."

"தெனமும் பாக்கப்போறது நீதானே. ஹாலுக்கு இந்தச் சாம்பல் நல்லாருக்கா, இல்ல இந்தக் கோதுமை நிறமா?"

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு."

மால்சுன் போனை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, கடைக்காரி பேசறேன். ரெண்டும் நல்லாருக்குன்னு ஒரு பொம்பளை சொன்னா, ரெண்டுமே பிடிக்கலைன்னு அர்த்தம். உங்க வீட்டுக்காரருக்கு அது தெரியாது, பாவம். எனக்குமா தெரியாது?"

சுக்யோங் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று சாங்பே நினைத்துப் பார்த்தார், நினைவுக்கு வரவில்லை. "சாம்பலே இருக்கட்டும்" என்றாள் அவள்.

"தாவொன் எங்க? அவ ரூமுக்கும் கேக்கணும்."

"வேலைக்குப் போயிருக்கா."

"வேலையா? என்ன வேலை?"

"ஐஸ்கிரீம் கடையில. சொன்னேனே உங்ககிட்ட."

சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. போனை வைத்துவிட்டு, மகள் அறைக்கு இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூப்போட்ட துணியை எடுத்து நீட்டினார். தாவொன் இங்கிருந்து போகும்போது அவளுடைய போர்வை அந்த நிறம்.

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதினெட்டு."

"பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு இதா? கூடவே ரெண்டு முயல் பொம்மையும் தொங்க விடட்டுமா?"

சாங்பே துணியை மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டார்.

மூன்று நாள் கழித்து மால்சுன் அளவெடுக்க வந்தாள். ஹாலில் தரையில் ஒரு மெத்தை, சுவரோரம் ஒரு சோற்றுப் பானை, அதன் மூடிமேல் ஒரு கரண்டி. வேறு எதுவும் இல்லை. அவள் கையைத் தட்டினாள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா, எப்படி எதிரொலிக்குது! துணி தொங்கினா எல்லாம் அடங்கிடும்."

ஏணியில் ஏறி இறங்கி ஹாலையும் பெரிய அறையையும் முடித்தாள். தாவொனின் அறைக்கு வந்ததும் நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"கட்டில் எந்தப் பக்கம் வருது?"

"இன்னும் வாங்கலை."

"சரி. பொண்ணு நல்ல இருட்டுல தூங்குவாளா, இல்ல லேசா வெளிச்சம் வேணுமா? அதைப் பொறுத்துத்தான் உள்துணி."

"இருட்டுன்னா அவளுக்குப் பயம். விளக்கு எரிஞ்சாத்தான் தூங்குவா."

"இப்பவுமா?"

சாங்பே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நாணல் காட்டுக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவர் கூடவே வாழ்ந்த தாவொன் பன்னிரண்டு வயதுக்காரி. பதினெட்டு வயதுக்காரி எப்படித் தூங்குகிறாள் என்று அவருக்குத் தெரியாது.

"கேட்டுச் சொல்லுங்க முதலாளி" என்றாள் மால்சுன், குரலைக் கொஞ்சம் தணித்து. "கொசுவம், நீளம் எல்லாம் நான் பாத்துக்கறேன். இது ஒண்ணு மட்டும் நீங்கதான் சொல்லணும்."

அன்றே மகளுக்குச் செய்தி அனுப்பினார். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலைக் கேன்டீனில் தட்டோடு உட்காரும்போது பதில் வந்தது. 'துளி வெளிச்சம் இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராதுப்பா. ஆனா என் ரூமுக்கு இப்ப எதுவும் வாங்காதீங்க. அம்மா உங்ககிட்ட பேசுவாங்க.'

சுக்யோங் சாயங்காலம் கூப்பிட்டாள். இந்தமுறை முகம் இல்லை, குரல் மட்டும். தாவொனுக்கு அங்கேயே பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்றாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கணும். கிடைக்குமோ கிடைக்காதோன்னு இருந்துட்டோம்."

"நல்ல விஷயம்தானே. கெட்டிக்காரி" என்றார் சாங்பே. பிறகு, "அப்ப நீ?" என்று கேட்டார்.

"நானும் இங்கயே இருக்கலாம்னு பாக்கறேங்க. அவளுக்காகன்னு சொன்னா அது பொய். எனக்கு இங்க ஒரு வேலை இருக்கு. பழகினவங்க இருக்காங்க. அங்க வந்து நான் மறுபடி முதல்லேர்ந்து யாரா இருப்பேன்?"

"சரி."

"கோவமா?"

"இல்ல. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம்."

அவர் சாப்பிட்டிருக்கவில்லை. கேட்க வேண்டியவை நெஞ்சு முட்ட இருந்தன. ஆனால் ஆறு வருடமாகச் சாப்பிட்டியா, தூங்கினியா என்று மட்டுமே பேசிப் பழகிய வாய்க்கு அவற்றை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

மறுநாள் காலை மால்சுன் போனில் கூப்பிட்டாள். பின்னால் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "பொண்ணுகிட்ட கேட்டீங்களா? துணி மேஜையில விரிச்சாச்சு."

வேண்டாம் என்று சொல்ல அதுதான் நேரம். சாங்பே இரும்புக் குழாய்களின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். "கேட்டேன். துளி வெளிச்சம் வரக்கூடாதாம்."

"நான் நெனச்சது சரிதான்! அப்ப அடர்நீலம், உள்ள கனமா ஒரு துணி. வெட்டிடட்டுமா? வெட்டினா வெட்டினதுதான், அப்புறம் மாத்த முடியாது."

"வெட்டுங்க."

டிசம்பரில் ஒரு நாள் மால்சுனும் அவள் கணவரும் வந்து எல்லாவற்றையும் மாட்டினார்கள். கணவர் ஏணிமேல் நின்று கொக்கிகளைக் கோத்தார். வந்ததிலிருந்து போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பங்கையும் சேர்த்து மால்சுனே பேசினாள். தாவொனின் அறைத் திரையை இழுத்து மூடியபோது நடுப்பகல் காணாமல் போனது.

"அம்மாவும் பொண்ணும் எப்ப வர்றாங்க?"

"ஜனவரியில" என்றார் சாங்பே.

அவர்கள் போனபின் வீட்டில் விழுந்த அமைதியை அவர் எதிர்பார்க்கவில்லை. முன்பாவது இருமினால் சுவர் பதிலுக்கு இருமும். இப்போது எவ்வளவு இருமினாலும் துணி விழுங்கிக்கொண்டது. மெத்தையை இழுத்துக்கொண்டுபோய் மகளின் அறையில் போட்டார். அங்கே படுத்தால் பொழுது விடிந்ததா இல்லையா என்று யோசிக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம்வரை அப்படியே கிடந்தார்.

அப்படி ஒரு ஞாயிறு, ஜனவரிக் கடைசியில், வாசல் மணி அடித்தது. பனிக்காற்றில் மூக்கு சிவந்து மால்சுன் நின்றாள். கையில் ஒரு டப்பா நிறையக் கிம்ச்சி ஊறுகாய்.

"பக்கத்துக் கட்டடத்துல ஒரு வீட்டுக்கு மாட்ட வந்தேன். வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்களுக்கு நம்ம ஊர்க் கிம்ச்சி கிடைக்கட்டுமேன்னு... எங்க, யாரையும் காணோம்? கடைக்குப் போயிருக்காங்களா?"

"ஆமா..." என்று தொடங்கினார் சாங்பே.

மால்சுன் கீழே பார்த்தாள். செருப்பு விடும் இடத்தில் தொழிற்சாலை பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. பெண்கள் காலணி ஒன்றுகூட இல்லை. அவள் தன் காலணியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஹால் திரையை ஒரே இழுப்பில் திறந்தாள். வெளிச்சம் வந்து, கழுவாத கிண்ணங்கள் மேல் விழுந்தது.

"தொங்கத் தொங்கத் துணி இறங்கும். அடிமடிப்பு தரையில உரசுதான்னு பாக்கணும்" என்று குனிந்தாள். தேவையைவிட அதிக நேரம் குனிந்திருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"வரலையா, தம்பி?"

முதலாளி என்ற வார்த்தை காணாமல் போயிருந்தது.

"வரலைக்கா."

"எப்பத் தெரியும்?"

"நீங்க துணி வெட்டறதுக்கு முன்னாடியே."

மால்சுன் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்புறம் எதுக்கு வெட்டுங்கன்னு சொன்னீங்க? வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சுருட்டி வச்சிருப்பேனே!"

"வேண்டாம்னு நானே சொல்லிட்டா, அவங்க வரலைங்கறது நிசமாயிடும்ல."

"வீட்டம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"சரின்னு சொன்னேன்."

"அவங்ககிட்ட சரி. என்கிட்ட வெட்டுங்க. நல்லா இருக்கு! நீங்க இப்படி ஒரு ஆள் இங்க இருக்கீங்கன்னு யாருக்குத்தான் தெரியும்?"

பதில் எதிர்பார்க்காமல் சமையலறைக்குப் போய் அரிசி கழுவினாள். இருவரும் தரையில் உட்கார்ந்து சுடுசோறும் கிம்ச்சியும் சாப்பிட்டார்கள். அவளுடைய மகன் சியோலில் இருக்கிறானாம்; போன் செய்தால் மூன்றாவது தடவைதான் எடுப்பானாம். "எடுக்கறவரைக்கும் அடிப்பேன். எனக்கென்ன வெக்கம்?" என்றாள். கிளம்பும்போது, "பொண்ணையாவது ஒரு தடவை வரச்சொல்லுங்க. வான்னு வாயைத் திறந்து சொல்லுங்க" என்றாள்.

சாங்பே அதைச் சொல்ல வசந்தம்வரை ஆயிற்று. தட்டுவதும் அழிப்பதுமாக எத்தனையோ இரவுகள் போயின. கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்: 'உன்னைப் பாக்கணும் போல இருக்கு. லீவுக்கு வர்றியா?' சில நிமிடத்திலேயே பதில் வந்துவிட்டது. 'நீங்க கூப்பிடவே மாட்டீங்கன்னு நெனச்சேன்பா.'

ஜூலை மழையில் தாவொன் வந்தாள். விமான நிலையத்தில் அவர் வேறொரு பெண்ணைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருக்க, பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டாள். மெத்தை மறுபடி ஹாலுக்கு வந்துவிட்டது. அறையில் புதுக் கட்டில். அவள் நண்பகல்வரை தூங்கினாள். சாங்பே விடுப்பு எடுத்திருந்தார். டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒருத்தி தூங்குகிறாள் என்பதால், வீட்டின் அதே அமைதி இப்போது அவருக்குப் பிடித்திருந்தது.

"இது ரூமா, குகையாப்பா? மணியே தெரியலை" என்று தலையைச் சொறிந்துகொண்டு வருவாள். வெளியே போய் ஐஸ் மிதக்கும் நூடுல்ஸ் சாப்பிடுவார்கள். சில வார்த்தைகளுக்கு அவள் தடுமாறினாள். அவர் எடுத்துக் கொடுத்தார். ஒருநாள் கடற்கரையில் தானாகவே சொன்னாள்: "அம்மா திரும்பி வரமாட்டாங்கன்னு நெனைக்கறேன். உங்க மேல கோவமெல்லாம் இல்லப்பா."

"தெரியும்" என்றார். "எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம் இருக்கு. அவகிட்ட சொல்லணும்."

"சொல்லுங்க" என்றாள் தாவொன். "இல்லாட்டி அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதற்கு முந்தைய எந்த நாளிலும் அவர் வருத்தம் என்ற சொல்லைத் தன் வாயால் சொன்னதில்லை. சொன்னபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மழை விட்டிருந்தது. மகள் காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் போனதே தெரியவில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையில் அவளுடைய பை மறையும்வரை நின்றுவிட்டு, சாங்பே காரை எடுத்தார். வீட்டுக்கு நேராகப் போகப் பிடிக்கவில்லை. வழியில் பன்றி எலும்புச் சூப்புக் கடை ஒன்று திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும், மேஜை துடைத்துக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

"அந்தப் பெரிய மேஜையிலயே உக்காருங்க. கூட்டம் இல்ல இப்ப."

நான்கு நாற்காலிகளில் ஒன்றை இழுத்து அவர் உட்கார்ந்தார். சூப்பு கொதித்தபடியே வந்தது. சோற்றை அதில் கொட்டிக் கலக்கி, ஆவி முகத்தில் அடிக்க, ஆறுவதற்குள் சாப்பிடத் தொடங்கினார்.