உள்ளான்கள் கிளம்பிய மாலை

கழிமுகத்தை ஒட்டிய காற்றாலையில் கட்டுப்பாட்டு அறை அவன் பொறுப்பு. காற்றாடிகளை ஓட விடுவதும் நிறுத்துவதும் அவன் கையில் இருந்ததால் எல்லாரும் அவனை 'சுவிட்ச்' என்றே கூப்பிட்டார்கள். குளிர்காலத்தைக் கழிமுகச் சேற்றில் கழிக்கும் உள்ளான் பறவைகள் வடக்கே கிளம்பும் வாரத்தில் மட்டும், அவை அடிபடாமலிருக்க மாலை வேளையில் காற்றாடிகள் நிற்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பழைய வருஷங்களை வைத்து அந்த வாரத்தைக் குறித்துக் கொடுத்தவர் பறவை ஆய்வு செய்யும் அவனுடைய அண்ணி.

இந்த வருஷம் வாரம் வந்தது, காற்றாடிகள் நின்றன, ஒரு பறவைகூட நகரவில்லை.

"என்ன சுவிட்ச், உங்க அண்ணியோட பறவைங்க பயணத்த ரத்து பண்ணிடுச்சா?" என்றார் மேலாளர்.

சுவிட்சுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நேரே சேற்றுத்திட்டுக்குப் போனான். முழங்கால்வரை சேற்றோடு நின்ற அண்ணி, வலையில் சிக்கிய உள்ளானைக் கைக்குள் அடக்கி, அதன் வயிற்றில் மெல்ல ஊதினார். இறகு விலகியது.

"பாருங்க தம்பி. இந்நேரம் இங்க மஞ்சளா கொழுப்பு தெரியணும். எலும்புதான் தெரியுது."

"ஏன் அண்ணி, தீனி இல்லையா?"

"மழையே காணோமே! சேறு இறுகி, புழுவெல்லாம் ஆழத்துக்குப் போயிடுச்சு. போற வழி பூரா கடல், இறங்கி நிக்க இடமில்ல. இந்த உடம்போட போனா பாதியில விழுந்துடும்."

"அப்ப மெதுவா போகட்டுமே."

"அதுவும் முடியாது. முட்டையிடப் போற வடக்குல இப்பல்லாம் பனி சீக்கிரமே உருகிடுது. லேட்டா போனா குஞ்சுங்களுக்குப் பூச்சி கிடைக்காது. பாவம், ரெண்டு பக்கமும் இடி."

அண்ணி பறவையை அவன் கையில் வைத்தார். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்தது. இத்தனூண்டு உடம்புக்குள் இத்தனை பெரிய கணக்கா என்று மலைத்துப்போனான். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

பிறகு, காலம் தப்பி, மழை கொட்டியது. சேறு இளகியது. உள்ளான்கள் தலை நிமிராமல் தின்று உருண்டு திரண்டன. ஒருநாள் மதியம் அண்ணி போன் செய்தார்.

"தம்பி, காத்து தெற்கத்திக் காத்தா திரும்பிடுச்சு. இன்னைக்குச் சாயங்காலம் பறவைங்க போயிடும்."

ஒப்பந்த வாரமோ எப்போதோ முடிந்திருந்தது. சுவிட்ச் மேலாளரிடம் ஓடினான்.

"இவ்வளவு நல்ல காத்து வீசறப்பவாய்யா நிறுத்தச் சொல்ற?"

"இந்தக் காத்துக்காகத்தான் சார் அதுங்களும் காத்திருக்கு."

மேலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, நிறுத்து. ஆனா நானும் வந்து பார்ப்பேன்."

வெயில் தாழ்ந்தபோது சேற்றில் சலசலப்பு எழுந்தது. ஒரு கூட்டம் கிளம்பி, வட்டமடித்து, மறுபடி இறங்கியது. மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த முறை எழுந்தவை இறங்கவில்லை. கூவிக்கொண்டே மேலேறி, வரிசை கட்டி, அசையாமல் நின்ற காற்றாடிகளின் நடுவே புகுந்து கடலுக்கு மேல் போயின. கூட்டத்துக்குப் பின்னால் கூட்டம்.

"கொஞ்சம் பறவைங்க கீழயே நிக்குதே, ஏன்?" மேலாளரின் குரல் இறங்கியிருந்தது.

"அதுங்களுக்கு இன்னும் உடம்பு தேறலை சார்."

"எல்லாம் போறப்ப தானும் போகணும்னு தோணாதா? எப்படி மனச அடக்கிக்கிட்டு நிக்குது!"

வானம் வெறிச்சோடும்வரை அவர் நகரவில்லை. பிறகு போனை எடுத்தார்.

"உங்க அண்ணி நம்பரச் சொல்லு. தேதிய வச்சு நிறுத்தறது இத்தோட போதும். மிச்சமிருக்கறது எப்பக் கிளம்பும்னு அவங்களையே கேட்டுக்கறேன்."