நான்கு பென்சில் செல், ஒரு ஞாயிற்றுக்கிழமை

பெரம்பூரில் தமயந்தியின் வீட்டில், 1988-ஆம் வருடத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று நான்கு பென்சில் செல்களில் இருந்தது. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த செல்கள். அன்று மதியம் மூன்று மணிக்கு, தானே செய்த சார்ஜரில் அவற்றை முதல்முறையாக ஏற்றினாள். நிக்கல் காட்மியம் செல்லுக்கு ஞாபகம் உண்டு. முதலில் ஏறியதை விடாது. அதன் பிறகு எப்போது சார்ஜ் செய்து டிரான்சிஸ்டர் ரேடியோவில் போட்டாலும் கூடத்தில் மணி மூன்றாகும். சுவர் பழைய நீலச் சுண்ணாம்புக்குத் திரும்பும். அப்பா பனியனோடு ஈஸிசேரில் பேப்பர் படிப்பார். பக்கத்து வீட்டில் யாரோ அப்பளம் பொரிப்பார்கள். இருபத்தாறு வயதுத் தமயந்தி சார்ஜரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இவளும் அவளும் பேசிக்கொள்வதில்லை. டிரான்சிஸ்டர் நின்றால் மதியமும் நின்றுவிடும்.

பாலிடெக்னிக் லேபில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் தமயந்தி. செல்களைத் துணி மேலோ பாய் மேலோ வைத்து ஏற்றமாட்டாள், மொசைக் தரைதான். விரல் வைத்துச் சுட்டால் உடனே கழற்றிவிடுவாள். ஒரே ஒருமுறை மறந்துபோய் மார்க்கெட்டுக்குப் போனாள். ஒரு செல் சூடேறி, அந்த வாரம் முழுக்க அப்பா இரண்டு பேராக இருந்தார். இருவருக்கும் ஒரே பேப்பர்.

தம்பி குலசேகரன் வருடத்துக்கு ஒருமுறை இதற்காகவே ஓசூரிலிருந்து வருவான். அந்த நாளில் அம்மாவுக்குத் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை. மேட்னி கவுண்டரை மூடிவிட்டு வீடு சேர நாலு இருபது ஆகும். பின்னாளில் அவள் இறந்தபோது அவன் மஸ்கட்டில் இருந்தான். விமானம் கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதை அவளிடம் சொல்லத்தான் வந்து உட்கார்வான். மூன்றே முக்காலுக்குத் தைரியம் போய்விடும். எழுந்து டிரான்சிஸ்டரை அணைத்துவிடுவான். பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகியதில் செல்கள் அதையே ஞாபகம் வைத்துக்கொண்டன. இந்த வருடம் அவன் துணிந்து உட்கார்ந்திருந்தபோது, மூன்றே முக்காலுக்கு மதியம் தானாகவே நின்றது.

மறுபடி சார்ஜில் போட்டார்கள். செல்கள் சுட்டன, ஏறவில்லை. கீழ்வீட்டு உசேன் பாய் மேலே வந்தார். இவர்களுடைய அப்பா கொஞ்ச நேரமாகத் கீழே தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருப்பதாகவும், டீ கொடுத்ததாகவும், மிக்ஸி போடும்போது மட்டும் தள்ளி உட்காரச் சொன்னதாகவும் தெரிவித்துவிட்டுப் போனார்.

தமயந்திக்குக் கோளாறு புரிந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு சார்ஜரைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்தாள். டிரான்ஸ்பார்மர் சரி. ரெசிஸ்டர் சரி. கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய டயோடு இரண்டு பக்கமும் விட்டது. மதியம் செல்லில் தங்காமல் ஒயரிங் வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பழைய டிவியிலிருந்து ஒரு டயோடைக் கழற்றி, வெள்ளைக் கோடு செல்லின் பாசிடிவ் பக்கம் பார்க்கும்படி பற்றவைத்தாள்.

"கரண்டைக் கொஞ்சம் கூட்டி வெச்சா சீக்கிரம் ஏறுமே அக்கா. நான் டியூட்டிக்குப் போகணும்" என்றான் குலசேகரன்.

"கூட்டினா செல் ஊதிடும்டா. அப்புறம் அம்மா எந்த வழியா வருவாங்கன்னு சொல்ல முடியாது. பாதியில நிக்கற பழக்கம் போகணும்னா முதல்ல மிச்சத்தை முழுசா இறக்கணும். பிறகு பதினாலு மணி நேரம்."

ஒவ்வொரு செல்லாக ஒரு குட்டி பல்பில் எரித்தாள். ஒரு வோல்ட்டைத் தொட்டதும் எடுத்துவிட்டாள். பல்பு மங்க மங்க, கூடத்தில் ஈஸிசேரின் கால்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அவையும் இல்லை. பதினாலு மணி நேரமும் குலசேகரன் செல்களுக்குப் பக்கத்தில் தரையிலேயே கிடந்தான்.

டிரான்சிஸ்டரைப் போட்டதும் மணி மூன்றானது. மூன்றே முக்காலுக்கு அவன் கை பழக்கத்தில் நீண்டது. தமயந்தி டிரான்சிஸ்டரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாலு இருபதுக்குப் படியில் செருப்புச் சத்தம். நாற்பத்தைந்து வயது அம்மா கூடையோடு உள்ளே வந்தாள். ஐம்பத்தெட்டு வயது மகனிடம் கூடையை நீட்டி, "இதை வாங்கு, கை வலிக்குது" என்றாள்.

வாங்கிக்கொண்டான். "உன் சாவுக்கு என்னால வந்து சேர முடியலம்மா."

அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "தினமும் எத்தனை பேரை டிக்கெட் இல்லைன்னு திருப்பி அனுப்பறேன். அவங்க என்ன பண்ணுவாங்க? வா, சாப்பிடு."

சோறும் வத்தக்குழம்பும் போட்டாள். அவன் மூன்றாவது முறை தட்டை நீட்டியபோது டிரான்சிஸ்டர் கரகரத்தது. சுவர் வெள்ளைக்குத் திரும்பிய பிறகும் அவன் விரல்களில் பருக்கை இருந்தது. கை கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

நாலு நாள் கழித்து ஓசூரிலிருந்து அவன் மனைவி கூப்பிட்டாள். பெரம்பூரில் சாப்பிட்டு வந்ததிலிருந்து அவர் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாராம்; பேண்ட்டெல்லாம் கணுக்காலுக்கு மேலே நிற்கிறதாம். "மடிப்பைப் பிரிச்சு இறக்கக் கொடுத்திருக்கேன் அண்ணி. வளர்ற வயசுன்னு டெய்லர் கொஞ்சம் துணி விட்டே தைக்கிறார்."