கூடுதல் கணிதத்துக்கு ஓர் இடம்

பள்ளி விட்ட பிறகும் டொரத்தி டீச்சர் படிவம் மூன்று மாணவர்களின் கணக்குத் தேர்வுத் தாள்களோடு உட்கார்ந்திருந்தாள். விடைகளைத் திருத்தி முடித்தாயிற்று. இப்போது விடைக்கு மேலே இருந்த செய்முறை வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கணினியில் பதிந்துகொண்டிருந்தாள்.

மாணவி லோஷினிக்கு நூற்றுக்கு இருபத்தெட்டு மதிப்பெண். நாற்பதுக்குக் கீழே என்றால் அடுத்த வருடம் கூடுதல் கணிதப் பாடம் எடுக்க முடியாது. அது இல்லையென்றால் அவள் ஆசைப்படும் பொறியியலும் இல்லை.

டொரத்தி அந்தத் தாளோடு துணை முதல்வர் குணாளனிடம் போனாள்.

"இருபத்தெட்டு வாங்கின பிள்ளைக்கு சிபாரிசா டீச்சர்?"

"சிபாரிசு இல்ல சார். ஃபஸ்ஸி லாஜிக்ல போட்டுப் பாத்தேன். சரி, தப்புன்னு ரெண்டா வெட்டாம, எந்த அளவுக்குப் புரிஞ்சிருக்குன்னு பாக்குறது. கணக்குப் போட்ட வழிக்கு ஒரு அளவு, வகுப்புல வாயால விளக்குறதுக்கு ஒரு அளவு, விடைக்கு ஒரு அளவு. மொத ரெண்டும் நல்லா இருந்து விடை மட்டும் மோசம்னா, புரிதல்ல கோளாறு இல்லன்னு அர்த்தம். லோஷினி அப்படித்தான்."

"பாதித் தாள் வெள்ளையா கெடக்கே?"

"பரீட்சைல தூங்கிட்டா சார். அம்மா செனாய் டவுன்ல ஒரு பேக்டரில நைட் ஷிப்ட். ராத்திரி முழுக்கக் கைக்குழந்தைத் தம்பிய இவதான் பாத்துக்குறா."

குணாளன் கண்ணாடியைக் கழற்றினார். "கம்ப்யூட்டர் சொல்றது இருக்கட்டும் லா. பிள்ளையக் கூப்பிடுங்க."

மறுநாள் லோஷினி வந்ததும் அவரே ஒரு கணக்குச் சொன்னார்: பேருந்தில் பெரியவர்கள், சிறுவர்கள்; ஆளுக்கான கட்டணங்களும் மொத்த ஆட்களும் மொத்தக் கட்டணமும் தெரியும்; பெரியவர் எத்தனை பேர், சிறுவர் எத்தனை பேர்? அவள் வெண்பலகையில் இரண்டு சமன்பாடுகளை எழுதினாள்.

"ஏன் ரெண்டு?"

"தெரியாதது ரெண்டு சார். ஒண்ணு மட்டும் எழுதினா நெறைய விடை வரும். எது சரின்னு முடிவு பண்ண முடியாது."

கடைசிக் கழித்தலில் சறுக்கினாள். குணாளன் வாயைத் திறப்பதற்குள் லோஷினி சரசரவென்று அழித்தாள். "ஆளுங்க மைனஸ்ல வர மாட்டாங்க சார். கழிச்சது தப்பு."

குணாளன் சிரித்துவிட்டார். "பேரச் சேத்துடுங்க டீச்சர். பெயிலான மத்தவங்களையும் இப்படியே பாத்துடுங்க."

வெளியே வந்ததும் லோஷினி டீச்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை, பெற்றோர் கூட்டத்தில் கூடுதல் கணித மாணவர்களின் பெயர்களை வாசித்து மேடைக்கு அழைத்தார்கள். பெயிலானவர்களில் இன்னும் நான்கு பேர் தேறியிருந்தார்கள். லோஷினியின் பெயர் வந்தபோது பின்வரிசைப் பிள்ளைகள் நாற்காலிகளைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள். உள்ளங்கை சிவக்கக் கைதட்டிய டொரத்தி, லோஷினியின் அம்மா வாசுகியைத் தேடித் திரும்பினாள்.

வேலை முடிந்து நேராக வந்திருந்த வாசுகி, நீலச் சீருடையில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். தொழிற்சாலை வலைத்தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் இன்னும் மறையவில்லை. இரு கைகளும் மடியில் விரிந்து கிடக்க, அத்தனை சத்தத்திலும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

எழுப்பப் போன டொரத்தியைப் பார்த்து, மேடையிலிருந்த லோஷினி வேண்டாம் என்று தலையசைத்தாள்.