சாவிக்கொத்தின் உரிமைகளைப் பறித்த காலை

மருத்துவமனை டேட்டாபேஸில் யார் எதைப் பார்க்கலாம், எதைத் திருத்தலாம் என்று முடிவு செய்வது என் வேலை. வீட்டில் டிவி ரிமோட்டைத் தொடக்கூட அனுமதி இல்லாதவனுக்கு இப்படியொரு பதவி கிடைத்தால் தலைக்கு ஏறத்தானே செய்யும்?

எனக்கு முன்பு இதே நாற்காலியில் இருந்தவரை எல்லோரும் ‘சாவிக்கொத்து’ என்பார்கள். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய கணக்கு மட்டும் சகல அதிகாரத்தோடு அப்படியே இருந்தது. இன்று வந்ததும் வராததுமாக அதில் கைவைத்தேன். ‘இவர் வழங்கிய உரிமைகள் பிறரிடம் உள்ளன’ என்று டேட்டாபேஸ் முரண்டு பிடித்தது. என்னிடமா? அவற்றையும் சேர்த்தே பறி என்றேன். பறித்துவிட்டது. நர்சுகளுக்கெல்லாம் உரிமை கொடுத்தவர் அவர். எனக்குக் கொடுத்தவரும் அவரே. எல்லாம் ஒரே நொடியில் போயிற்று, என்னுடையதும் சேர்த்து.

போன் அடித்தது. அண்ணி, குழந்தைகள் வார்டு நர்ஸ்.

“தம்பி, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் ஒண்ணும் தெரியல. ஆபரேஷனுக்கு ஒரு பொண்ணு காத்திருக்கா. என்ன பண்ணித் தொலைச்ச?”

“சின்னதா ஒழுங்குபடுத்தினேன், அண்ணி.”

“உன் ஒழுங்கைக் குப்பையில போடு. ரிசல்ட்டைக் கொண்டா.”

எல்லாக் கணக்குக்கும் மேலான கணக்கின் பாஸ்வேர்டு மேலதிகாரியின் அலமாரியில் இருந்தது. அவரோ இன்னும் ஆபீசுக்கு வரும் வழியில் இருந்தார். லேபுக்கு ஓடினேன். டெக்னீஷியன் மெஷினிலிருந்து அச்செடுத்த தாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

“வார்டு ஆளுங்களைத் தவிர யாருக்கும் காட்டக்கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? லிஸ்ட்ல உங்க பேர் இல்லையே.”

“அந்த லிஸ்ட்டைப் போட்டதே நான்தான்யா!”

“அப்போ உங்களையும் சேர்த்துல்ல போட்டிருக்கணும்.”

கடைசியில் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

மூச்சிரைக்க மாடியேறினேன். வார்டு வாசலில் பெண்ணின் அப்பா கவரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“என் பொண்ணோடதா சார்? நல்லபடியா இருக்கா?”

“எனக்குப் பார்க்க அனுமதி இல்லைங்க” என்றேன். இதைவிடக் கேவலமான வாக்கியத்தை நான் பேசியதில்லை.

அண்ணி கவரைப் பிரித்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. “டாக்டர் கேட்ட மாதிரியே இருக்குங்க. உள்ள கூட்டிட்டுப் போறோம்” என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “அவர் தனியா வந்திருக்காரு. கூட உக்காரு.”

உட்கார்ந்தேன். மேலதிகாரி வந்து சேர்ந்து, அலமாரியைத் திறந்து பாஸ்வேர்டை எடுத்துக்கொண்டு போனில் அழைத்தார். முதலில் வார்டுகளுக்கு உரிமை தர என்ன டைப் செய்யவேண்டும் என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

“எல்லாருக்கும் வந்துடுச்சு. உனக்கு?” என்றார்.

“அப்புறம் பார்த்துக்கலாம் சார். இங்க கொஞ்சம் வேலையா இருக்கேன்.”

அந்த அப்பா இன்னும் என் கையை விடவில்லை.