பழைய தேதி

எனக்குக் கை சும்மா இருக்காது. ஒரு நாற்காலி கோணலாகக் கிடந்தால், அடுத்தவர் வீடென்றுகூடப் பார்க்காமல் நேராக்கிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு முதல் வேலையாக ஒரு வகுப்பறையையே கொடுத்தால் என்ன ஆட்டம் போட்டிருப்பேன் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

நாலாம் வகுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள். வருடத்தின் நடுவில் போய்ச் சேர்ந்தேன். அவர்களுடைய டீச்சர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போனவர், மறுநாள் நெஞ்சுவலியில் இறந்துவிட்டார். அதன்பிறகு மூன்று வாரமாக மற்ற டீச்சர்கள் மாறி மாறி வந்து வகுப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

தலைமையாசிரியை என்னிடம் சாவியைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவங்க பொண்ணும் அந்த வகுப்புலதாம்மா படிக்குது. அழறதும் இல்ல, பேசறதும் இல்ல. கொஞ்சம் பாத்துக்கங்க.”

அந்த நிமிடத்திலிருந்து எனக்கு வகுப்பென்றால் அந்தப் பிள்ளைதான். அவளை ஒரே ஒரு வார்த்தை பேச வைத்துவிட்டால் போதும், நானும் டீச்சர்தான் என்று நானே ஒத்துக்கொள்வேன். வேறு யார் சான்றிதழும் எனக்கு வேண்டாம்.

ஒரு நோட்டுப் போட்டுத் திட்டம் எழுதினேன். வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வருகைப் பதிவேட்டை வாங்கி வந்து முப்பத்திரண்டு பெயரையும் மனப்பாடம் செய்தேன். பெஞ்சுகளை வரிசையாகப் போடாமல், நாலு நாலு பேராக முகம் பார்த்து உட்கார வைக்க வேண்டும். தொண்டை கிழியக் கத்தக் கூடாது. நான் கையை உயர்த்தினால் வகுப்பு அமைதியாக வேண்டும். அந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரத்தில் இடம். கதவைப் பார்த்து உட்கார்ந்தால், யார் உள்ளே வந்தாலும் நிமிர்ந்து பார்த்து ஏமாந்து போவாள் என்று அதைக்கூட யோசித்து வைத்திருந்தேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் அக்கா சிரித்தாள்.

“பாடம் நடத்தப் போறியா, கல்யாணம் நடத்தப் போறியா? பக்கம் பக்கமா எழுதி வச்சிருக்க!”

“போக்கா, உனக்கென்ன தெரியும்!”

சனிக்கிழமை காலையிலேயே வாளியும் துடைப்பமுமாகப் போய்விட்டேன். காவலாளியைத் தவிர பள்ளிக்கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பெஞ்சுகளை இழுத்துப் போட்டதில் இடுப்பு கழன்றுவிட்டது. ஜன்னல் கம்பியெல்லாம் ஒட்டடை. எல்லாவற்றையும் ஒரு வழியாக முடித்துவிட்டுத் திரும்பினால், கரும்பலகை மிச்சம்.

பலகை பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருந்தது. வலது பக்க மேல் மூலையில் மட்டும் சாக்பீஸ் எழுத்து. முதலில் தேதி. அதற்குக் கீழே ‘மொத்தம் 32, வருகை 32’. அதற்கும் கீழே ‘மீதிக் கதை திங்கட்கிழமை’. சுற்றிலும் யாரோ கலர் சாக்பீஸால் கோணல்மாணலாக ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்.

தேதி மூன்று வாரம் பழையது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை டீச்சர்கள் வந்து போயிருக்கிறார்களே, ஒருவருக்காவது தேதியை மாற்றத் தோன்றவில்லையா? சோம்பேறித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? மூன்று வாரம் என்றால் என்ன கணக்கு என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். கோபம் வந்துவிட்டால் எனக்குக் கணக்கு வராது.

ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். ஒரு தடவையில் போகவில்லை, நன்றாக ஊறிப் பிடித்திருந்தது. விடுவேனா? மூன்று தடவை தேய்த்தேன். பிறகு அதே இடத்தில் திங்கட்கிழமைத் தேதியைப் போட்டு, ‘வாருங்கள், உங்களுக்காகத்தான் காத்திருக்கிறேன்’ என்று எழுதி, சுற்றிலும் பூ வரைந்தேன். துணியைச் சோப்புப் போட்டு அலசிப் பின்பக்கக் கொடியில் காயப்போட்டுவிட்டு, சாதித்துவிட்ட திமிரோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். “எங்க பேரெல்லாம் எப்படித் தெரியும் டீச்சர்?” என்று ஒரு வாயாடி கேட்டாள். சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். போனவர்கள் ஒவ்வொருவராகச் சத்தம் அடங்கிப்போனார்கள். நான் இன்னும் கையை உயர்த்தவே இல்லை, அதற்குள் வகுப்பு கப்சிப். திட்டம் பலித்துவிட்டதென்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வெட்கம் கெட்டவள்.

அந்தப் பிள்ளை கடைசியாக வந்தாள். ஒல்லியான உடம்பு, யாரோ அவசரமாகப் பின்னிவிட்ட சடை. உள்ளே இரண்டடி வைத்தவள் பலகையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் பின்னாலேயே தண்ணீர்க் குடத்தோடு பள்ளிக்கூடத்து ஆயா வந்தார்.

“அய்யய்யோ டீச்சர்! அத அழிச்சிட்டீங்களா?”

“எத?”

“அவங்க கடைசியா எழுதினதும்மா அது. பிள்ளைங்களே கட்டம் போட்டு வச்சிருந்துச்சுங்க. வர்ற டீச்சருங்க எல்லாம் அந்த மூலைய விட்டுட்டுத்தான் எழுதுவாங்க. நான்கூட சுத்தி மட்டுந்தான் துடைப்பேன். உங்ககிட்ட சொல்லணும்னு இன்னைக்கு வெள்ளனவே கெளம்பினேன். பஸ்ஸு காலை வாரிடுச்சு.”

நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விட மாட்டோமா என்றிருந்தது. அந்தப் பிள்ளையின் முன்னால் மண்டிபோட்டு உட்கார்ந்தேன்.

“தெரியாமப் பண்ணிட்டேன் கண்ணு. சத்தியமா தெரியாது.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துத்தான் பேசினாள்.

“டீச்சர் மீதிக் கதைய எனக்குக்கூடச் சொல்லல. வீட்டுல போய்க் கேட்டேன். திங்கக்கெழம எல்லாரோடயும் சேந்து கேட்டுக்கோன்னுட்டாங்க.”

அவள் டீச்சர் என்றது தன் அம்மாவை. பள்ளிக்கூடத்துக்குள் மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு என்று ஆயா பிறகு சொன்னார். எப்படியாவது அவளைப் பேச வைக்க வேண்டும் என்றிருந்தேன். பேச வைத்துவிட்டேன்.

“அதையே நான் திரும்ப எழுதட்டுமா டீச்சர்? எனக்கு மனப்பாடமா தெரியும்,” என்றாள் வாயாடி.

அந்தப் பிள்ளை தலையாட்டி மறுத்தாள். பிறகு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“துடைச்ச துணி எங்க?”

ஓடினேன். புடவை தடுக்க, செருப்புக்கூடப் போடாமல் பின்பக்கம் ஓடினேன். கொடியில் துணி பளிச்சென்று தொங்கியது. ஒரு கறைகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அங்கேயே கண்ணீர் முட்டிவிட்டது. ஆனால் வெறுங்கையோடு எப்படித் திரும்பிப் போவது?

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். விரித்துப் பார்த்தாள். திருப்பிப் போட்டுப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

“சோப்பு போட்டீங்களா?”

“போட்டேன்மா.”

“அம்மாவோடது கொஞ்சங்கூட இல்ல,” என்றாள். மூன்று வாரத்து அழுகையும் அப்போதுதான் வந்தது.

நான் அவளைத் தொடப் போனேன். அவள் ஆயாவிடம் போய்விட்டாள். அது நியாயம்தான். மெல்ல அழுது ஓய்ந்ததும், துணியை நாலாக மடித்து என் மேசையில் வைத்தாள். நான் அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்த ஜன்னலோரத்தில் போய், கதவைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன். அன்றைக்கும் முப்பத்திரண்டு பேரும் வந்திருந்தார்கள். அதைப் பலகையில் எழுத எனக்குக் கை வரவில்லை.